நாலு அங்குலக் களிமண்

"மண்ணைத் தோண்டக் கூடாது. அப்படியே மேல விரிச்சிடுங்க."

புல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. செயற்கைப் புல் விரிக்கிற தொழிலில் பதினாறு வருடமாக இருக்கிறார். விலையைக் குறைக்கச் சொன்னவர்கள் உண்டு, நிறத்தை மாற்றச் சொன்னவர்கள் உண்டு. தோண்டாதே என்று சொன்ன முதல் ஆள் இந்தப் பெண்தான்.

"அம்மா, இது களிமண். தண்ணியை உள்ள விடாது. நாலு அங்குலம் வெட்டி எடுத்துட்டு, ஜல்லி போட்டு, மெஷின் வச்சு இடிச்சுட்டுத்தான் புல்லு விரிக்கணும்."

"வேண்டாம்ணா." அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. குரல் மட்டும் கிழடு தட்டியிருந்தது. "முதல்ல ஒரு கனமான பிளாஸ்டிக் ஷீட். அதுக்கு மேல புல்லு. ஒரு சொட்டுத் தண்ணி கீழ இறங்கக் கூடாது."

"தலைகீழாச் சொல்றீங்களேம்மா! தண்ணி இறங்கணும். இல்லேன்னா தேங்கி நாறும். இந்த முற்றத்துத் தரையைப் பாருங்க, மேடும் பள்ளமுமா, சருகு வேற அடைஞ்சு கிடக்கு. மட்டமாவது பண்ணிக்கிறேன்."

"எதுவும் பண்ண வேண்டாம். மழைக்கு முன்னாடி மூடிடுங்க, அது போதும்."

கணவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு காத்திருந்தான். ஏதோ ஆபீஸ் வேலையாம், சாயங்காலம்தான் வருவார்களாம். அவள் ஏறி உட்கார்ந்த பிறகும் தரையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

வண்டி தெருமுனை திரும்பியதுதான் தாமதம், எதிர்வீட்டுக்காரர் கேட்டருகே வந்து நின்றார்.

"எங்க போறாங்க தெரியுமா? பெத்த பொண்ணோட இறப்புச் சான்றிதழ் வாங்க. மூணு வயசு. காய்ச்சல்னு தூக்கிட்டுப் போனாங்க, உயிரோட திரும்பல. இன்னும் ஒரு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள வீட்டுக்குப் பச்சைக் கம்பளம் கேக்குது!"

புல்காரரும் இரண்டு பெண்களைப் பெற்றவர். மனசு கசந்துதான் போனது.

ஆனால் அவர் கவலை வேறு. போன வருடம் ஒரு வீட்டில் அவசரப்படுத்தினார்கள் என்று களிமண்மேல் அப்படியே விரித்துக் கொடுத்தார். ஒரே மழை. குளம் கட்டி, கொசு மொய்த்து, தெருவே மூக்கைப் பிடித்தது. அவர் பெயர் சந்தி சிரித்தது. நாலு மாதம் வேலைக்குக் கூப்பிட ஆளில்லை. இன்னொரு முறை அப்படி ஆனால் தொழிலை மூட்டை கட்டிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"தோண்டுங்கப்பா" என்றார், கூட வந்த இரண்டு ஆட்களிடம்.

"அந்தம்மா வேணாம்னு அத்தனை தடவை சொன்னாங்களேண்ணே?"

"துக்கத்துல இருக்கிற பொண்ணு, என்ன பேசறோம்னு தெரியாம பேசுது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்ல நாத்தமும் சேரணுமா? ஜல்லி என் செலவு. நல்லது செய்யறதுக்கு யாரையும் கேக்க வேண்டியதில்ல."

வெயிலில் காய்ந்த களிமண் பாறையாக இறுகியிருந்தது. கடப்பாரைதான் இறங்கியது. கட்டி கட்டியாகப் பெயர்த்து, சுவரோரமாக வாரிக் கொட்டினார்கள். ஜல்லி வந்து இறங்கியது. மெஷின் அதிர்ந்த அதிர்வில் எதிர்வீட்டு ஜன்னல்கள் படபடத்தன. சாயங்காலம் மட்டப்பலகை வைத்துப் பார்த்தார். இம்மி பிசகவில்லை. இடுப்பு விட்டுப்போயிருந்தாலும் மனசு நிறைந்திருந்தது.

வானம் இருட்டிக்கொண்டு வரும்போது அவர்கள் வந்தார்கள். அவள் கையில் மடித்த காகிதம் ஒன்று. கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"தோண்டியே போட்டுட்டேன்மா!" புல்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஜல்லிக்கு நீங்க ஒண்ணும் தர வேண்டாம். எவ்வளவு மழை வந்தாலும் இனிமே கவலையில்ல."

காகிதம் அவள் கையிலிருந்து நழுவியது. நேரே சுவரோரம் போய் மண்குவியல் முன்னால் மண்டியிட்டு, கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கணவன் கேட்டைப் பிடித்தபடி உள்ளே வராமல் நின்றான்.

புல்காரருக்கு இப்போதுதான் விஷயம் பிடிபட்டது. ஓகோ, தோண்டாதே தோண்டாதே என்றது இதற்குத்தானா! நகையோ நட்டோ, எதையோ ஒளித்து வைத்திருக்கிறாள்.

"என்னம்மா தேடறீங்க? எதையாவது புதைச்சு வச்சிருந்தா முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா பைத்தியம்னுவாங்கன்னு சொல்லலண்ணா."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. கையும் நிற்கவில்லை.

"கடைசி மழைல பாப்பா இங்கதான் ஓடுனா. அவ காலடி அத்தனையும் அப்படியே காஞ்சு நின்னுச்சு. தூறல் விழுதுண்ணா... ஒண்ணாவது உடையாம இருக்கா, சீக்கிரம் பாருங்களேன்!"