நாலாவது மூலை

பிரியந்திக்கு எட்டாம் மாதம். பிள்ளை வருவதற்குள், மலைச்சரிவை ஒட்டிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து அறையை ஒழுங்குபடுத்திவிட வேண்டும் என்று நாளுக்கு ஒரு மூலையாகத் துப்புரவாக்கினாள். மூன்று மூலைகள் முடிந்துவிட்டன. நாலாவதில்தான் கணவன் லோகேஸ் உடைந்த பலகை, கிழிந்த சாக்கு என்று தினமும் எதையாவது கொண்டுவந்து குவித்தான்.

"இந்தக் குப்பையெல்லாம் எதுக்குங்க? தொட்டில் கட்ட எடம் வேணாமா?"

"அதுல மட்டும் கைய வைக்காத!" என்று எரிந்துவிழுந்தான். முன்பெல்லாம் அவன் அப்படிப் பேசியதே இல்லை.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும், ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டாள். கடைசிப் பலகையை நகர்த்தியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இடுப்பளவு உயரத்துக்குச் சுவர் பிளந்திருந்தது. கையை நுழைத்துப் பார்த்தாள். மலையின் ஈரமண் விரலில் ஒட்டியது.

மத்தியானம் சாப்பிட வந்த லோகேஸ் வாசலிலேயே தலைகுனிந்தான்.

"மொதல்ல கோடு மாதிரிதான் இருந்துச்சு. தோட்டத்து ஆபீஸ்ல மூணு தடவ சொல்லிட்டேன், பாக்குறோம்னாங்க. தெரிஞ்சா நீ தூங்க மாட்டேன்னுதான் மறைச்சேன்."

"நீங்க தூங்குனீங்களா?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பிரியந்தி கிளினிக் புத்தகத்தையும் அடையாள அட்டைகளையும் மட்டும் ஒரு பையில் போட்டுக்கொண்டாள்.

"வாங்க, நோர்வூட்டுல அக்கா வீட்டுக்குப் போயிருவோம்."

"மத்த சாமானெல்லாம்?"

"கெடக்கட்டுங்க."