நான்கு அடுக்குகள்

தாவரவியலாளர் சாந்தகுமார் மரத்திலிருந்து விழுந்து இறந்தபோது அவர் கையில் இருந்த ஆர்க்கிட் செடி, ஆய்வகச் சன்னலில் இன்னும் உயிரோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வேரைச் சுற்றி இறந்த செல்களாலான வெள்ளை உறை ஒன்று உண்டு. மழைநீரை உறிஞ்சி உள்ளே கொடுப்பது அதுவே. உறையில் ஐந்து அடுக்குகள் இருந்தால் இது புதிய இனம். அவர் பெயரையே சூட்டலாம். நான்கென்றால், என்றோ பெயரிடப்பட்ட பழைய இனம். "பூ ஏமாத்தும் வேணி, வேரைப் பாரு" என்று எப்போதும் சொல்வார். அவர் மனைவி கமலவேணி வேர் நுனியொன்றை பிளேடால் மெல்லியதாகச் சீவி, நுண்ணோக்கியில் வைத்து மூன்று முறை எண்ணினார்.

"எத்தனை மேடம்?" என்று உதவியாளர் ஜெரினா கேட்டாள்.

"நாலு."

ஜெரினா தாழ்ந்த குரலில், "அஞ்சுன்னே எழுதிடுங்க மேடம். யாரு வந்து எண்ணப் போறாங்க?" என்றாள்.

"அவர் எண்ணுவாரும்மா."

கமலவேணி செடியின் சீட்டில் பழைய பெயரைத் திருத்தமாக எழுதினார். பின்பு சன்னலருகே சென்று, தொங்கிய வேரில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். வெளிறிய உறை அதைக் குடித்ததும் உள்ளிருந்த பச்சை மெல்லத் தெரிந்தது. இன்னொரு சொட்டு விட்டார்.