போருக்குப் போன மோட்டார்

போர் வந்தால் வீடு, கடை மோட்டார்களும் படையில் சேர வேண்டும் என்பது சட்டம். சிங்காநல்லூரில் மாவுக்கடை நடத்திய துளசிமணியின் கிரைண்டர் மோட்டாரை, எல்லை முகாமில் தண்ணீர் இறைப்பதற்காக அதிகாரி சிதம்பரநாதன் கழற்றினார்.

"திரும்பி வருமுங்களா?"

"போர் முடியற வரைக்கும் கடை நடந்தா வரும். பூட்டிட்டீங்கன்னா பெரிய ஆலைக்குப் போயிரும்."

துளசிமணி பூட்டவில்லை. அவளும் மருமகள் சுகந்தியும் ஆட்டுக்கல்லில் மாற்றி மாற்றி மாவாட்டினார்கள். தோள் வீங்கியது, உள்ளங்கை காய்த்தது. கடை ஒரு நாளும் அடைபடவில்லை.

வெற்றிச் செய்தி வந்த வாரமே மோட்டாரும் வந்தது. உடம்பெல்லாம் சிராய்ப்பு. தெருவே கூடி ஆரத்தி எடுத்தது.

"அத்தை, இளைச்சுப்போயி வந்திருக்கான் பாருங்க," என்றாள் சுகந்தி.

"எண்ணெய் ஊத்து, தேறிக்குவான்."

பொத்தானைத் தட்டியதும் கல் சுழன்றது. மாவு நுரைத்து எழுந்தது. தெருமுனை வரை வரிசை நின்றது. அதை விலக்கிக்கொண்டு, மாவு வாங்கக் கையில் போசிப் பாத்திரத்தோடு சிதம்பரநாதன் முன்னால் வந்தார்.

"கொஞ்சம் அவசரமுங்க. எனக்கு முதல்ல ஊத்துங்க."

துளசிமணி கரண்டியால் தெருமுனையைக் காட்டினாள்.

"வரிசையில வாங்கோ சார். அன்னிக்கு உங்க உத்தரவு. இன்னிக்கு இது என்ற மோட்டாருங்க."

தெரு ஆர்ப்பரித்தது. அவர் சிரித்தபடியே போய்க் கடைசியில் நின்றார்.