முடிந்த பாட்டு

எங்கள் திருப்பூர் பனியன் கம்பெனியில் பாட்டு நிற்பதே இல்லை. மெஷின்களின் வேகத்தைப் பார்த்து, மென்பொருளே இசைத் துண்டுகளை மாற்றி மாற்றிச் சுழலவிடும். வீட்டிலும் பஸ்ஸிலும் அப்படித்தான். எந்தப் பாட்டும் முடிந்து நான் கேட்டதில்லை.

அந்த மென்பொருள் ஓடும் கம்ப்யூட்டர் என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதில் டைம்லைன் என்றொரு பக்கம் இருப்பதை நான்தான் கண்டுபிடித்தேன். அங்கே துண்டுகள் சுழலாது. வைத்த வரிசையில் ஒருமுறைதான் ஒலிக்கும். மூன்று மாதம் சாப்பாட்டு நேரத்தில் அங்கே துண்டுகளை அடுக்கி ஒரு பாட்டு செய்யப் பழகினேன். ஆரம்பம் எளிதாக வந்தது, முடிவுதான் வரவில்லை. எங்கே நிறுத்தினாலும் நூல் அறுந்தது போலிருந்தது. கடைசியில் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். தையலை முடிக்கும்போது இரண்டு தையல் பின்னால் போய்க் கெட்டிப்படுத்துவோமே, அப்படியே கடைசித் தாளத்தை இருமுறை திருப்பி வைத்து வெட்டினேன்.

நேற்று டீ இடைவேளையில் அதை ஸ்பீக்கரில் போட்டேன். நான்காவது நிமிடத்தில் கூடமே அமைதியானது. சூப்பர்வைசர் குப்புராஜ் பதறி ஓடிவந்தார்.

“யாரு நிறுத்துனது?”

“யாரும் நிறுத்தலீங்க. பாட்டு முடிஞ்சிருச்சு. நான் செஞ்ச பாட்டுங்க.”

இருநூறு பேரும் என்னையே பார்த்தார்கள். முடிந்த பாட்டுக்கு என்ன செய்ய வேண்டுமென்று யாருக்கும் தெரியவில்லை. குப்புராஜ் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தெய்வானைக்கா, மொதல்ல இருந்து போடுங்க.”

அந்தக் கூடத்தில் முதல் என்று ஒன்று இருந்தது என் பாட்டுக்கு மட்டும்தான்.