படலைத் தாண்டாத மேடம்

இந்தத் தடவையும் ஜெயமேரி மேடம் தோட்டத்துப் படலுக்கு வெளியேதான் நின்றார்.

செம்மநத்தத்தில் முத்தாயிக்கு இருப்பது ஒரு துண்டு மலைச்சரிவு. காப்பி இந்த வருஷம் கைவிட்டுவிட்டது. சில்வர் ஓக் மரங்களில் ஏறி நிற்கும் மிளகுக்கொடிதான் மிச்சம். அதுவும் போனால் புருஷனும் பெண்டாட்டியும் அடுத்தவர் எஸ்டேட்டில் கூலிக்கு நிற்க வேண்டியதுதான். மழை தொடங்கியதும் இலையில் கருப்புப் பொட்டு விழ, பதறிப்போய் விவசாய ஆலோசகர் ஜெயமேரிக்குப் போன் போட்டாள்.

கூப்பிட்ட போதெல்லாம் வந்தார். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஸ்கூட்டரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, இலையைப் பறித்துவரச் சொல்லிப் பார்ப்பார். தரையில் புரளும் கிளையை வெட்டுங்கள், தண்ணீர் தேங்கவிடாதீர்கள், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடியுங்கள் என்று எல்லாம் அங்கிருந்தே சொல்வார். சொன்னபடி செய்ததில் கொடியும் தெளிந்துவிட்டது. ஆனால் உள்ளே வாங்க என்று எத்தனை கெஞ்சினாலும் ஒரு எட்டு வைக்க மாட்டார்.

"அவங்களுக்கு நம்ம ஊடு ஆகாதாட்ட இருக்குது" என்றான் புருஷன் சின்னையன்.

முத்தாயிக்கு அது முள்ளாகத் தைத்தது. அதுவும் இன்று காலை, பெரிய தோட்டக்காரர் பாக்கியநாதன் எஸ்டேட்டிலிருந்து இதே மேடம் முழங்கால்வரை சேறோடு வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, வாய் சும்மா இருக்குமா?

"ஏனுங்க மேடம், பெரிய எடம்னா சேத்துல எறங்கி நடக்கறீங்க. எங்க மண்ணுன்னா மட்டும் காலு கூசுதுங்களா?"

ஜெயமேரிக்கு முகம் சுருங்கிவிட்டது. ரோட்டில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொன்னேன்னு வெளிய சொல்லிராதீங்கக்கா. அங்க கொடியெல்லாம் வேரோட அழுகிக் கெடக்குது. மண்ணு வழியாப் பரவுற நோவு. பூட்ஸைக் கழுவிட்டுத்தான் வர்றேன், இருந்தாலும் ஒட்டுன மண்ணு துளி இருந்தாப் போதும். நான் உள்ள போற தோட்டமெல்லாம் அந்த நோவு வந்த தோட்டங்கக்கா."

முத்தாயி திரும்பித் தன் கொடிகளைப் பார்த்தாள். மழையில் நனைந்து பச்சைப்பசேலென்று நின்றன. கேட்ட கேள்வியை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று தெரியவில்லை.

அவள் வாயில் இப்போது மேடமும் இல்லை, ஏனுங்களும் இல்லை. "அப்ப நீ உள்ளயே வராத கண்ணு" என்றாள்.

ஜெயமேரி சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரை உதைத்தார்.

"உங்க தோட்டத்துக்குள்ள நான் கால் வெக்கிற நாளே வரக்கூடாதுன்னுதான் தெனமும் மாதாகிட்ட வேண்டிக்கறேனுங்கக்கா."