ரெண்டாவது தடி ஏஸ்

"தடி ஏஸ்," என்றது வயர்லெஸ், கரகரவென்று.

பால்தொமேரோவின் கையிலிருந்த கடைசிச் சீட்டு மேசைக்குப் போகாமல் நின்றுவிட்டது.

அவன் தென்துருவக் கண்டத்தில் ஒரு நிலையத்தின் சமையல்காரன். எதிராளி சோய்லோ, பனியாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு குடிலில் காற்றையும் குளிரையும் அளந்துகொண்டிருப்பவன். இரண்டு பேருக்கும் ஊர் ரொசாரியோ. கால்பந்து கிளப் மட்டும் வேறு. அந்த ஊரில் அதைவிடப் பெரிய பகை கிடையாது.

குளிர்காலத்துக்காகச் சூரியன் மறைந்த மே மாதத்திலிருந்து, சனிக்கிழமை மத்தியானம் என்றால் வயர்லெஸ்ஸில் த்ரூக்கோ சீட்டாட்டம்.

ஆளுக்கொரு சீட்டுக்கட்டு. ஒரே சீட்டு இரண்டு பக்கமும் வந்து தொலைக்கக் கூடாதென்று, சீட்டின் நாலு இனங்களில் வாளும் காசும் இவனுக்கு, தடியும் கிண்ணமும் அவனுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். ஆளுக்கு மூன்று சீட்டு. இறக்குவதை வாயால் சொல்ல வேண்டும். கையில் மலையே இருப்பதாகப் புளுகி எதிராளியை மிரட்டலாம், அதுதான் ஆட்டமே. ஆனால் இறக்கும் சீட்டில் பொய் கூடாது. அது மானப் பிரச்சினை.

இன்றைக்குப் பந்தயம் வேறு. தோற்றவன் நாளைக் காலை எல்லா நிலையங்களும் கேட்கிற நேரத்தில் எதிரிக் கிளப்பின் பாட்டைப் பாட வேண்டும். அதைப் பாடுவதற்குப் பதில் கடல்நாயைக் கட்டிக்கொண்டு படுப்பேன் என்று பால்தொமேரோ ஏற்கனவே அறிவித்திருந்தான். குளிர்காலம் முழுக்க நாலே நாலு முறை ஜெயித்தவனுக்கு வாய் மட்டும் குறைவில்லை.

இப்போது அவன் மைக்கை வாயருகே இழுத்தான்.

"டேய் சோய்லோ, தடி ஏஸை முதல்லயே இறக்கிட்டியேடா. ஒரு கட்டுல எத்தனை தடி ஏஸ் வச்சிருக்க?"

வயர்லெஸ் இரைந்துகொண்டே இருந்தது. பின்னால் அடுப்பில் பலகாரம் கருகியது. நிலையத்தில் இருந்த அத்தனை பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். ஒருவரும் அடுப்புப் பக்கம் போகவில்லை.

"கட்டு எங்கடா இருக்கு," என்றான் சோய்லோ கடைசியில்.

ஆட்டம் தொடங்கிய இரண்டாம் வாரமே, குடிலில் கூட இருக்கும் ஆள் தன்னிடம் தோற்ற கடுப்பில் சீட்டுக்கட்டை அப்படியே அடுப்பில் போட்டுவிட்டானாம். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சனிக்கிழமையும் போய்விட்டால் சுவரோடுதான் பேச வேண்டும். அதனால் மனசுக்குள்ளேயே கலைத்து, மனசுக்குள்ளேயே எடுத்து ஆடிக்கொண்டிருந்தானாம்.

கூட்டம் கூத்தாடியது. டாக்டரம்மா லியோனில்டா சமையல்காரன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, பாடச் சொல்லு அந்தத் திருட்டுப் பயலை என்றாள்.

பால்தொமேரோவுக்கு ரத்தம் கொதித்தது. வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தவனிடமா இத்தனை மாதம் தோற்றோம்? அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் உறைத்தது. அது இதைவிட மோசமாக இருந்தது.

"அப்போ நான் ஜெயிச்சது?"

"அந்த நாலு நாளும் உன் குரல் சரியில்லடா."

ஒன்று, ஊரில் மகள் பிறந்து, இவன் இங்கே கிடந்த வாரம். மற்ற மூன்றும் என்னவென்று இவன் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை.

எல்லோரும் இவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை போதும். பந்தயமும் முடியும், சனிக்கிழமையும் முடியும்.

அவன் சீட்டுகளைக் கூட்டி அள்ளினான். இந்த ஆட்டம் செல்லாது, முதலிலிருந்து போடலாம், நீயும் உன் கட்டை நன்றாகக் கலைத்துக்கொள் என்று மைக்கில் சொன்னான்.

டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் காகிதமோ ரொட்டி உறையோ, எதையோ சரசரவென்று தேய்க்கும் ஓசை கேட்டது.

மறு ஆட்டத்தில் தோற்ற பால்தொமேரோ, மறுநாள் காலை, எல்லா நிலையங்களும் கேட்க, எதிரிக் கிளப்பின் பாட்டை முழுசாகப் பாடினான்.

குரல் நன்றாக இருந்தது என்றான் சோய்லோ.