தேடினால் முதலில் வருபவர்

கம்பிகளுக்கு இடையே கையை நீட்டி டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டார் அவர். வெளியே நின்ற மனைவி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்ப விடுவாங்களாம்?"

"யாரு விடணும்? நானேதானே பூட்டிக்கிட்டேன்."

அவர் இருந்தது சிறையில் இல்லை. சொந்தக் கடை வாசலில், நடைபாதை ஓரமாக, தானே வெல்டிங் வைத்துச் செய்த இரும்புக் கூண்டில். பூட்டு திறப்பதும் ரிப்பேர் பார்ப்பதும் அவருக்கு இருபத்தொரு வருடத் தொழில்.

இரண்டு வருடத்துக்கு முன் எதிர்வரிசையில் அதே தொழிலுக்குக் கடை போட்டவன் அவருடைய மச்சான், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. போனில் 'பூட்டு திறக்க ஆள்' என்று தேடினால் மச்சான் முதலில் வந்தான். இவர் இரண்டாவது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் ஒரு பெண் இவர் கடைப் படியிலேயே நின்று போனில் தேடிவிட்டு, "கொஞ்சம் வழி விடறீங்களா" என்று இவரிடமே கேட்டு, ரோட்டைத் தாண்டி மச்சானிடம் போனாள். அன்றோடு இரண்டு கடைக்கும் பேச்சு நின்றது.

தேடல் கம்பெனிக்கு நாற்பது புகார் அனுப்பினார். 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று நாற்பதுக்கும் ஒரே பதில். அதற்குப் பிறகுதான் இந்தக் கூண்டு.

முதல் நாள் கேமராக்கள் முன்னால் உள்ளே போய், தன் கையால் செய்த பூட்டைப் போட்டு, சாவியைச் சாக்கடைக்குள் விட்டெறிந்தார். 'முதல் இடம் கிடைக்கும்வரை வெளியே வரமாட்டேன்' என்று தட்டியும் வைத்தார். அந்தக் காட்சி ஊரெல்லாம் பரவியது. கேமராக்காரர்கள் கிளம்பியதும், காலுறைக்குள் வைத்திருந்த வளைகம்பியால் பூட்டைத் திறந்து, வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு, விடிவதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டது மட்டும் பரவவில்லை.

இன்று மூன்றாம் நாள்.

"ஊரே நம்மளப் பத்திதான் பேசுது" என்றார், மென்றுகொண்டே.

"பேசுது. வேலைக்குத்தான் ஒருத்தரும் கூப்பிடல. காலையிலகூடத் தேடிப் பார்த்தேன், அதே ரெண்டாவது இடம்தான். நான் தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசிப் பார்க்கட்டுமா?"

"அவன் பேச்சை எடுத்தா இந்தச் சாப்பாடே எனக்கு வேண்டாம்" என்றவர், பாக்ஸின் மூடியில் ஒட்டியிருந்ததையும் வழித்துச் சாப்பிட்டார்.

திடீரென்று வானம் கறுத்தது. தெருக்கோடியில் இடி ஒன்று விழுந்த சத்தத்தில் கூண்டுக் கம்பிகள் அதிர்ந்தன.

"என்னங்க, முழுக்க இரும்புக்குள்ள உக்காந்திருக்கீங்க. மொதல்ல வெளிய வாங்க."

அவருக்கும் உள்ளூர உதறல்தான். காலுறையிலிருந்து வளைகம்பியை எடுத்துப் பூட்டுக்குள் விட்டு அவசரமாகத் திருகினார். கம்பி பாதியில் முறிந்து, முனை உள்ளேயே தங்கிவிட்டது.

இரண்டாவது இடி விழுந்தபோது மனைவி ரோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள்.

மச்சான் கருவிப் பெட்டியோடு வந்து, மழையில் மண்டியிட்டு உட்கார்ந்தான். எதிரெதிரே இருந்தும் இத்தனை நாளாக முகம் பார்க்காதவர்கள், இப்போது ஒரு சாண் இடைவெளியில் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கால்மணி நேரம் ஆயிற்று. பூட்டு அசையவில்லை.

"யார் செஞ்ச பூட்டு இது?" என்றான், நிமிராமல்.

"நான்தான்."

"அதானே பார்த்தேன்."

"மெஷினை வெச்சு அறுத்திடேன்டா" என்றாள் அக்கா.

"இந்த மழையில கரன்ட் மெஷினைப் போட்டா மாமாவும் போயிடுவாரு, நானும் போயிடுவேன்." அவன் எழுந்தான். முகத்து நீரை வழித்துவிட்டு, அக்காவைப் பார்க்காமல் சொன்னான். "என்னால முடியலக்கா. வேற ஆளைத்தான் கூப்பிடணும்."

பூட்டோடு பட்ட பாட்டைவிட, அதைச் சொல்ல அவன் பட்ட பாடு பெரிது.

கடை ஓரத்தில் மழைக்கு ஒதுங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு பார்சலைத் துடைத்துக்கொண்டிருந்தார் ஒரு பார்சல்காரர். மச்சான் அவரிடம் குரல் கொடுத்தான். "அண்ணே, என் கையெல்லாம் கிரீஸ். உங்க போன்ல 'பூட்டு திறக்க ஆள்'னு தேடுங்க. மொதல்ல வர்றது என் கடை, ரெண்டாவது மாமா கடை. ரெண்டையும் விட்டுட்டு மூணாவது ஆளைப் போடுங்க."

"உங்க கடைப் பேரு என்னங்க?"

சொன்னான். பார்சல்காரர் போனைத் தடவினார். "நீங்க ரெண்டாவதாத்தான் இருக்கீங்க."

"ரெண்டாவதா? அப்ப மொதல்ல யாரு?"

"பேரு என்னவோ போட்டிருக்கு, அதுக்குள்ள போன் மேல தண்ணி விழுந்துடுச்சு, தெரியல. மொதல் ஆளுன்னா நல்லாத்தான் செய்வாரு. இருங்க, போட்டுட்டேன்."

கூண்டுக்குள், அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது.

மனைவி புருஷனைப் பார்த்தாள். மச்சான் மாமாவைப் பார்த்தான். அவர் யாரையும் பார்க்கவில்லை. மெதுவாக எழுந்து, நனைந்த காலரைச் சரிசெய்துகொண்டு, போனைக் காதில் வைத்தார். "வணக்கம். பூட்டு வேலைங்களா? சொல்லுங்க."

மழைச் சத்தத்தில் பார்சல்காரருக்கு அந்தக் குரல் போனுக்குள்ளிருந்து மட்டும்தான் கேட்டது. "ஆமாங்க. இங்க ஒருத்தர் கூண்டுக்குள்ள மாட்டிக்கிட்டாரு. உள்ளூர் ஆளு முயற்சி பண்ணிட்டு முடியலன்னுட்டாரு. நீங்க கொஞ்சம் வர முடியுமா?"

இருபத்தொரு வருடத் தொழிலில் அவர் குரல் அவ்வளவு கம்பீரமாக ஒலித்ததில்லை.

"அவரைப் பதறாம இருக்கச் சொல்லுங்க, அரைமணி நேரத்துல வந்துடறேன்."